சுண்ணாம்பு வைத்த மரங்கள்

நவ. 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். விராலிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, பெய்தபாடில்லை. துணி காயவில்லை.

செல்வி கூலிக்கு வந்தாள். இரண்டு பேருமாகக் கோகோ காய் உடைத்தோம். எந்த மரத்துக் காய் எது என்று தெரியாத ஒரே குவியல். பாதிக்கு மேல் உள்ளே கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, நடுவில் புழு. "இங்கிட்டு வந்து பாருங்கக்கா, இது உசிரோட நெளியுது." பார்க்காமல் இருந்தால் மட்டும் போய்விடுமா.

கொழுந்தன் சேகர் எட்டிப் பார்த்தான். "தென்னைக்கு நடுவுல இந்தச் சனியன் வேணாம்னு அப்பவே சொன்னேன் மதினி." சொன்னான்தான். இந்தத் தோப்பில் நானாக முடிவெடுத்து வைத்தது கோகோ ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர்கள் அப்பா வைத்தது, இல்லையென்றால் பிள்ளைகள் வைத்தது. அதனால்தான் அவன் கண்ணை அது உறுத்துகிறது.

நவ. 14, வியாழன்

நல்ல வெயில். துணி ஒருவழியாக.

தோட்டக்கலைத் துறை மேடம் வந்தார். மரத்தைப் பார்க்கும் முன் தரையைப் பார்த்தார். "இந்த ஓடெல்லாம் ஏங்க்கா மரத்தடியில கெடக்கு?"

எங்கள் ஊரில் எதைத்தான் வெளியே எறிவோம்? தேங்காய் மட்டை, ஓலை, சருகு எல்லாம் மரத்தைச் சுற்றின வட்டப்பாத்திக்குத்தான், மண் காயாமல் இருக்க. உடைத்த கோகோ ஓட்டையும் அதுபோலவே அடுக்கினேன். தண்ணீர் மிச்சம் என்று பெருமை வேறு.

மேடம் ஒரு ஓட்டைப் புரட்டிப் பிளந்தார். உள்ளே கொழுகொழுவென்று புழு. "காயப் பறிச்சு ஒடச்சுட்டா புழு செத்துடாதுக்கா. ஓட்டுக்குள்ளயே வளந்து, பூச்சியாகி, மேல இருக்குற பிஞ்சுக்கே திரும்பிப் போயிரும்." ஆக, மரத்துக்கு மரம் நானே தொட்டில் கட்டி வளர்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது:
ஓடு அத்தனையும் குழியில்.
பழுத்தால் உடனே பறிக்க.
காய்க்குள் புழு போகாத மரம் ஒன்றாவது இருந்தால் அதிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்ட. சில மரத்துக்குப் பிறவியிலேயே எதிர்ப்பு உண்டாம்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசுக்குள் சந்தோஷம். ஒரு மரம் போதுமே.

நவ. 15, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. சேகர் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டானாம், எல்லாவற்றையும் பிடுங்க. சிங்கப்பூரில் இருக்கிற இவருக்குப் போன் போட்டேன். "தம்பி அங்க இருக்கான், அவன் சொல்றதக் கேளேன்." நானும் இங்கேதான் இருக்கிறேன்.

சாயங்காலம் சேகரே இறங்கி வந்தான். "சரி, சீக்கு மரத்துக்கு நீங்களே அடையாளம் வைங்க மதினி. அத மட்டும் பிடுங்கிர்றேன்."

நவ. 17, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. வாளியில் சுண்ணாம்பு கரைத்து மரம் மரமாகப் போனேன். பழுத்ததைச் செவ்வாயே உடைத்தாயிற்று. மரத்தில் நிற்பது முற்றாத காய், உடைத்தால் வீண். தோலைப் பார்த்துத்தான் முடிவு.

மோட்டார் ரூம் பக்கத்து மரம்தான் மோசம். காய் முழுக்க அரித்த தழும்பு, துளை, பிசின். சொறி பிடித்ததுபோல. அதற்கு மட்டும் இரண்டு பட்டையாக அடித்தேன். செல்விக்குச் சந்தோஷம். "கட்டையால அடிச்சாலும் ஒடையாதுக்கா அந்தக் காயி. போனாப் போகட்டும்." உண்மைதான். கை வலிக்கிறது என்று அதை மட்டும் ஒதுக்கிவைப்போம். ஒதுக்கியது அப்படியே கிடந்து மட்கும்.

நவ. 20, புதன்

மழையோடு மழையாக ஜேசிபி. சுண்ணாம்பு வைத்ததை மட்டும் பிடுங்கினான், வேரோடு. சொன்ன சொல் தவறவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. விறகெல்லாம் கையோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டது. காய்களை முன்பே பறித்துக்கொண்டோம். ரசம் மட்டும் வைத்தேன்.

நவ. 23, சனி

பறித்த காய்களை உடைத்தோம். மோட்டார் ரூம் மரத்துக் காய்க்குக் கட்டை பத்தவில்லை, அம்மிக் குழவியால் அடித்தேன். உள்ளே வெள்ளை வெளேர் என்று, கொட்டை தனித்தனியாக. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். ஓட்டின் நடுவில் புழு, நூல்போலக் காய்ந்து, தாண்ட முடியாமல் செத்திருந்தது.

ஓடிப்போய், சுண்ணாம்பு வைக்காமல் விட்ட மரங்களில் பளபளவென்று இருந்த காய்களைப் பறித்துவந்து உடைத்தேன். புழு. புழு. எல்லாம் புழு.

மேடத்துக்குப் போன். "மத்த மரத்துல புழு பிஞ்சுலயே நொழஞ்சுரும்க்கா, தோல் மூடிக்கும். ஓட்டத் தாண்ட முடியாம தழும்போட நின்னுபோச்சுன்னா அதான் நாம தேடுன மரம். குச்சிய ஈரத்துணியில சுத்தி இன்னிக்கே கொண்டாங்க."

"மரம் இல்லைங்க."

கொட்டையை நட்டால் வருமா என்று கேட்டேன். தாய் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாதாம்.

சேகர் வந்தான். "ஏன் மதினி தரையில உக்காந்துட்டீங்க? மிச்ச மரத்துலயும் புழுவா?"

"ஆமா."

"அப்ப ஜேசிபிக்குச் சொல்லவா?"

சொல்லச் சொன்னேன்.