பழைய வீட்டு நம்பர்

என் அருமை வாயாடிக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன மாதம் வந்த உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. வக்கீலாகவும் உருப்படவில்லை, சினிமாவிலும் நிற்கவில்லை, பாட்டு எழுதியதும் போயிற்று, இந்த வெள்ள நிவாரண முகாமிலும் நான் எதற்கு என்று தெரியவில்லை, எல்லாமே அரைகுறை, பேசாமல் திரும்பி வந்து மாமாவின் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், படித்ததும் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். என் தம்பி ஆறு வருஷமாக உனக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறான் அல்லவா, அன்றைக்கே போய் அதைத் துடைத்து, புது மெத்தை ஒன்று தைத்துப் போட்டுவிட்டு வந்தேன். உன் கறுப்புக் கோட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்து நம் தையல் கடையில் மாட்டிவைத்தேன். அவசரக்குடுக்கை என்று அப்பா திட்டினார்.

முகாமில் தனியாக நின்ற அந்தப் பெண் குழந்தைக்குப் பெரியம்மா கிடைத்துவிட்டாள் என்று உன் ஆபீசில் சொல்லியிருப்பார்கள். எப்படிக் கிடைத்தாள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், அது நம் தையல் கடையில் நடந்தது. முகாமில் இருந்த குழந்தைகளை வைத்து நீ எடுத்து அனுப்பிய ஆறு நிமிடப் படத்தை நான் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் போனில் போட்டுக் காட்டுகிறேன், அளவெடுக்க நிற்பவர்கள் டேப்பை அவிழ்த்துக்கொண்டு எங்கே ஓடுவார்கள்? உன் முதல் படம் தியேட்டரில் மூன்றே நாள் ஓடியபோது மூன்று நாளும் போய் உட்கார்ந்த மனுஷனின் பெண்டாட்டி நான், எனக்கு என்ன வெட்கம்? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அம்மாள் சட்டையைச் சிறிதாக்க வந்திருந்தாள், வெள்ளத்தில் தங்கை போய்விட்டாள், தங்கை குழந்தையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். படத்தில் குழந்தைகள் ஒவ்வொருவராக நீ கட்டிக்கொடுத்த மெட்டில் தங்கள் வீட்டைப் பற்றிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஒரு குட்டி, எங்க வீட்டு வாசல்ல நாலு குழாய், நாலாவதுல தண்ணியே வராது என்று பாடியதுதான் தாமதம், இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அக்கா, அந்தக் குழாயைத் திருகி உடைச்சவளே நான்தானே என்று கத்திவிட்டாள். குண்டூசி எல்லாம் தரையில். இரண்டு பேரும் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதோம், வெளியே நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அந்தப் பாட்டு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? நீ தொலைந்துபோனால் சொல்வதற்கென்று தையல் மெஷின் ஓடுகிற தாளத்துக்கு வீட்டு நம்பரைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். வீடு மாறிய பிறகு புது நம்பர் அந்த மெட்டுக்குள் அடங்கவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பழையதையே விட்டுவைத்தேன். நீ ஐந்து வயதில் சந்தையில் தொலைந்தாய், போலீஸ்காரரிடம் ராகம் தப்பாமல் பாடினாய், அவரும் உன்னைப் பத்திரமாகப் பழைய வீட்டில் கொண்டுபோய் விட்டார். மூன்று மணி நேரம் நாங்கள் இங்கே செத்துப் பிழைத்தோம், நீ அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாய். உன் பாட்டில் ஒரு குழந்தையும் வீட்டு நம்பர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். குழாய், நாய், பச்சைக் கதவு, அப்பா இருமுகிற சத்தம் இவைதான் இருந்தன. என் தப்பைத் திருத்தியிருக்கிறாய், கெட்டிக்காரி.

சொந்தக்காரர் யாராவது வந்தால் குழந்தையை ஒப்படைப்பதற்கான மனுவை, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, நீ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த முகாமுக்குப் போயிருக்கிறாய். எதிலும் நிலைக்க மாட்டாள் என்று உன்னைச் சொல்லிக்கொண்டே இருந்த மாமா, பெரியம்மாவுக்காக அதைத் தாக்கல் செய்யும் முன் இரண்டு தடவை படித்தான், அக்கா, இதுல ஒரு புள்ளிகூட மாத்த வேண்டியதில்ல, நான் எழுதியிருந்தா இவ்வளவு சுத்தமா வந்திருக்காது என்றான். என் தம்பி வாயால் அப்படி ஒரு வார்த்தை! நேற்று அவன் ஆபீசில்தான் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியம்மா கையெழுத்துப் போடும்வரை குழந்தைக்கு உட்கார வேறு இடம் இல்லை, விறுவிறு என்று போய் உன் நாற்காலியில் ஏறிவிட்டாள். புது மெத்தையில் குதித்துக்கொண்டே முழுப் பாட்டையும் பாடினாள், நாலாவது குழாய் வந்ததும் பெரியம்மாவும் சேர்ந்து பாடினாள். நானும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆகையால் கண்ணே, அந்த நாற்காலிக்காக வராதே. வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம் நானே சொல்லிவிட்டேன். அரைகுறை என்று இன்னொரு தடவை எழுதினால் நேரில் வந்து காதைத் திருகுவேன். உன் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் இத்தனை நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன், இப்போது உட்காருங்கள், சொல்ல நேரமாகும் என்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு, உன் கை பட்டதெல்லாம் விளங்கட்டும். லீவு கிடைத்தால் வந்து எங்களோடு பத்து நாள் இரு, கோட்டு காத்திருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. வரும்போது திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
தப்பான நம்பரைச் சொல்லிக்கொடுத்த
உன் அம்மா