கழுத்தில் போட்ட மைக்கோடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். சாப்பாடு தொண்டையில் வலிக்காமல் இறங்குகிறதா?

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன். கட்டி கரைந்துவிட்டதென்று கதிர்வீச்சு சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களாமே?

நேற்று இங்கே ஒரு வேடிக்கை. கட்டிகள் கதிர்வீச்சுக்கு எப்படி அடங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதானே என் வேலை? ஒரே கட்டிக்குள் முதல் அதட்டலிலேயே அடங்குகிற செல்களும் உண்டு, உங்களைப் போல அழுத்தக்காரச் செல்களும் உண்டு. திரையில் கட்டியின் அளவு சரசரவென்று இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. பின்னால் நின்ற டாக்டர் பதறிவிட்டார். “யாரும்மா இந்த ஆளு? பாதியில விட்டுட்டாரா? மிச்சம் இருக்கிறது பூரா முரட்டுக் கூட்டம். உடனே வரச் சொல்லு!”

“சும்மா ஒரு உதாரணம் சார்” என்று சிரித்து மழுப்பினேன்.

உதாரணமில்லை அப்பா. அம்மா அனுப்பிய உங்கள் ஸ்கேன் அளவுகளைத்தான் போட்டிருந்தேன்.

கழுத்தில் கதிர் படவேண்டிய இடத்துக்கு அடையாளமாகப் போட்ட மைக்கோட்டைத் தேய்த்துக் குளித்து அழித்துவிட்டீர்களா? திட்டமாட்டேன். நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி போட்டுக்கொண்டு, ஒரு போட்டோ அனுப்புங்கள். போனையும் எடுங்கள்; இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

என் பஸ் வந்துவிட்டது; முடிக்கிறேன்.

உங்களைவிட அழுத்தக்காரியான,
மகள்