வெறும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தோம்

அண்ணி,

பக்கத்து வீட்டுக்கு நேற்று ஆள் வந்தாயிற்று. சுரங்கக் கம்பெனியில் சர்வீஸ் முடிந்து, டவுன்ஷிப்பில் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நம்மைப் போலவே இந்த வடக்குத்து ஊருக்கு வந்திருக்கிறார்கள். சாமான் இறக்கிய டெம்போ போன கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா நம் கேட்டில் வந்து நின்றார். "ஏங்க, இந்த வூட்ல ஃபேனே இல்லீங்களே, கொக்கி மட்டும் தொங்குது" என்றார், ஏதோ நான்தான் கழற்றி ஒளித்து வைத்த மாதிரி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து, உள்ளே ஓடி நம் டேபிள் ஃபேனை எடுத்து வந்து கொடுத்துச் சமாளித்தேன். நியாயமாக நீங்கள் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு அது. உங்கள் பங்கையும் சேர்த்து நானே சிரித்துவிட்டு, அதன் பிறகு ஒரு வேலையும் ஓடாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்து நான் வந்தபோது, "நாத்தனார் இருக்கிற வீடு, வாயை அடக்கிக்கினு இரு" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினார். அந்த வித்தை எனக்கு வராது. நல்லவேளை, உங்களுக்கும் வரவில்லை. சர்க்கரை ஆலை ஊர்க்காரி என்று, வந்த வாரமே எனக்குக் 'கரும்பு' என்று பேர் வைத்துவிட்டீர்கள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். நீங்கள் மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தீர்கள். எனக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை. பண்ருட்டி முந்திரி மண்டிக்காரர் ஒருவர், வெளியூர்க் கடைக்காரர்கள் இணையத்திலேயே ஆர்டர் போடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்க, நாம் துணிந்து ஒத்துக்கொண்டோம்.

அந்த வேலையை நம்பி என்னென்ன இருந்தது என்பது மண்டிக்காரருக்குத் தெரியாது. மாமா ஓய்வு பெறப்போகிற வருடம் அது. உங்கள் பழைய ஆபீஸ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது மாமா, உங்கள் அப்பா என்கிற தோரணையில், முடிவாகச் சொல்லிவிட்டார். "சனிக்கெழம அந்த மண்டிக்காரரு பாத்துட்டு சரின்னா நீ இங்கயே இரு, நான் ஒண்ணும் கேக்கல. இல்லன்னா பேசாம மெட்ராஸ் பஸ்ஸப் புடி."

நீங்கள் அடுப்படிக்கு வந்து என்னிடம்தான் சொன்னீர்கள். "எனக்கு அந்த ஹாஸ்டல் வேணாம் கரும்பு. அந்த ரூம்ல யார்கிட்டயும் பேசாம பேசாம எனக்கு என் குரலே மறந்துபோச்சி. நான் இங்கதான் இருக்கணும்." எப்போதும் கேலி பேசுகிற வாயிலிருந்து இப்படி வந்ததும், மோரில் உப்புப் போட்டேனா என்று மறந்து இரண்டாம் தரம் போட்டேன்.

சனிக்கிழமை காலையில், வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றினோம். டேட்டா கார்டை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் அப்போதெல்லாம் நெட் வரும். ஏற்றி முடித்து ஓட்டினால், ஒரு மாட்யூலைக் காணோம் என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. மாட்யூல் என்பது யாரோ எழுதி வைத்த சின்ன நிரல். நம் நிரல் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும். கூப்பிட்டால் ஆள் இல்லை என்றது சர்வர். உங்கள் லேப்டாப்பிலோ அதே நிரல் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் அவசரக்காரி. காணோம் என்றதைச் சர்வரிலேயே போட்டேன். அடுத்தது காணோம் என்றது. அதையும் போட்டேன், இன்னொன்று. "இது என்னாங்க அண்ணி, பானையில ஓட்டைய அடைச்சா பக்கத்துல ஒழுவுது" என்று கீபோர்டைத் தட்டினேன். மண்டிக்காரர் மதியம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, வடக்குத்தில் கட்டி முடித்த வீட்டைப் பார்க்கப் போன மாமா வியர்க்க விறுவிறுக்கக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தார். "படுக்கலாம்னு பாத்தா ஃபேன் இல்ல. மூஞ்சி கழுவலாம்னா கொழாய்ல தண்ணி இல்ல, மோட்டாரே போடல. என்னாடா வூடு கட்னானுங்க" என்று யாரையோ திட்டினார். கட்டியது அவர்தான். சர்வீஸ் முழுக்கக் கம்பெனி மாட்டிக் கொடுத்த ஃபேனுக்குக் கீழே, கம்பெனி அனுப்பிய தண்ணீரில் இருந்தவருக்கு, அவையெல்லாம் சுவரோடு கூடப் பிறந்தவை என்று எண்ணம்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று லேப்டாப்பை உங்கள் பக்கம் இழுத்தீர்கள். "கரும்பு, கைய எடு. இது நம்ம குவார்ட்டர்ஸ் புத்திதான்டி" என்றீர்கள்.

உங்கள் லேப்டாப்பில் எல்லா வேலைகளையும் உள்ளே வைத்திருந்த பெரிய ஃபோல்டர் ஒன்று உண்டு. மெட்ராஸில் இருந்தபோது, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அந்த மாட்யூல்களை அதில் போட்டிருந்தீர்கள். முந்திரி நிரல் தனக்குள் தேடும், இல்லையென்றால் ஒரு படி வெளியே போய்த் தேடும். அங்கே கிடைத்துவிடும். ஆகவே, தனக்கு என்னென்ன வேண்டும் என்று நிரல் வைத்திருக்கும் சொந்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. "பிளாக்குக்குப் பொதுவான டேங்க்லேர்ந்து தண்ணி வருதேன்னு நாம வூட்ல ஒரு கொடம்கூட வெக்கல. சர்வர் வெறும் வூடு. நாம கொண்டுபோனாத்தான் அங்க இருக்கும்" என்றீர்கள்.

அதோடு நிற்காமல், உங்கள் தம்பியின் கம்ப்யூட்டரைத் திறந்தீர்கள். சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வந்து கிரிக்கெட் பார்ப்பதற்கு மட்டும் அவர் வைத்திருந்தது அது. நிரலை ஓட்டத் தேவையான அடிப்படையை மட்டும் ஏற்றி, முந்திரி நிரலைத் தனியாகப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டோம். ஓட்டியதும் அதே சிவப்பு வரி வந்தது. "வந்துடுச்சி, இனிமே இங்கயே பாத்து சரிபண்ணிக்கலாம்" என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி. ஒரு நிரல் ஓடாததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட இரண்டு பொம்பளைகளை மாமா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "பைத்தியம் முத்திப்போச்சா" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அப்புறம் சர்வரைத் தொடாமல், விடுபட்டதையெல்லாம் நிரலின் சொந்தக் கணக்கிலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அந்த வெறும் கம்ப்யூட்டரில் ஓடிய பிறகுதான் சர்வருக்கு ஏற்றினோம். சோறு ஆறிக்கொண்டிருந்தபோது மண்டிக்காரர் போன் செய்தார். "ம்மா, தொறக்குதும்மா. எங்க மச்சான் கும்பகோணத்துலேர்ந்து ஆர்டர் போட்டுப் பாத்தாரு, இங்க வந்து வுழுது. இதே மாரி நம்ம பக்கத்து மண்டிக்கும் ஒண்ணு பண்ணிக் குடுத்துடுங்க."

மாமா கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப பஸ்ஸு?" என்றார். "நீங்க வேணா போய்ட்டு வாங்கப்பா" என்றீர்கள். அவர் சிரிப்பை அடக்கியபடி அப்பளத்தை உங்கள் தட்டில் எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்ததெல்லாம் நல்ல வருடங்கள், அண்ணி. இந்த வடக்குத்து வீட்டில், ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நாள் பூரா வாயும் கையும் ஓயாமல் வேலை செய்தோம். நாத்தனாரோடு இப்படி இருக்க முடியும் என்று என் அம்மா கடைசிவரை நம்பவில்லை.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஒரு நாள் என்னைப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வரச் சொன்னீர்கள். "எல்லா வேலையையும் இதுல மொதல்லேர்ந்து போட்டு ஓட்டு. என் லேப்டாப்பத் தொடாத. என்னக் கேக்காத. நான் பக்கத்து ரூம்ல படுத்திருப்பேன்" என்றீர்கள். எதற்கு என்றேன். "நான் இல்லாம ஓடுதான்னு பாக்கணும்டி" என்றீர்கள், வெகு சாதாரணமாக. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "என்னா பேச்சுங்க அண்ணி இது" என்று கத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். திரும்பி வந்து, சொன்னபடியே செய்தேன். நீங்கள் பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வேலைகள் எல்லாமே முதல் தடவையிலேயே ஓடின. வந்து சொன்னேன். "அப்ப சரி" என்று டீ கேட்டீர்கள்.

இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மண்டிக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்; புதிதாக எதைச் செய்தாலும் முதலில் ஒரு வெறும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. உங்கள்மேல் எனக்கு ஒரே ஒரு கோபம்தான் மிச்சம். அன்றைக்கு ஒன்றாவது ஓடாமல் நின்றிருக்கலாம். நீங்கள் போட்ட சட்டத்தை மீறி, "அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று பக்கத்து ரூமைப் பார்த்து ஒரு தடவை கூப்பிட்டிருப்பேன்.