ஒரு நாளைக்கு நாலு

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதலாம் என்பது நாளைக் காலை பதினொரு மணிக்குத்தான் தெரியும். நீ பயப்படாதே. அந்த வேலையை நானே முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆள் போதும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு இருமல் வருகிறது. நீ "என்னப்பா, என்னப்பா" என்பாய். உன் அம்மா போனைப் பிடுங்கி, "ஒண்ணுமில்லடா, குளிர்ந்த தண்ணி குடிச்சிட்டார்" என்பாள். ஒரு மாதமாக நான் குடித்ததாக அவள் சொன்ன குளிர்ந்த தண்ணீரையெல்லாம் சேர்த்தால் ஒரு கிணறு நிரம்பும். கடிதத்தில் இருமல் கேட்காது.

இது உன் கைக்கு வருவதற்குள் ரிசல்ட் வந்து, போனிலும் சொல்லியிருப்போம். ஆனாலும் அது தெரியாத மனிதனாக இருக்கும்போதே நான் உனக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. தெரிந்த பிறகு எழுதினால் சரிப்படாது. நல்ல செய்தியாக இருந்தால் எனக்குக் கொழுப்பு வந்துவிடும். வேறு மாதிரி இருந்தால் உன்னை மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் நகைக்கடைக் குண்டுமணி தன் தராசைப் பட்டறைக்கு எடுத்து வந்தார். பெயருக்கு ஏற்ற உருண்டை மனிதர், இப்போது இன்னும் உருண்டை. அந்தத் தராசு சின்னது, சுற்றிலும் கண்ணாடிக் கதவு. கதவைத் திறந்து எடைக்கல்லை இடுக்கியால் உள்ளே வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சுக் காற்று பட்டாலே கடைசி எண் ஆடும். ஊரிலுள்ள கடைத் தராசுகளைச் சரிபார்த்தே வயிறு வளர்த்தவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அன்று மூச்சைப் பிடித்தேன். எண் நிற்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மறுபடி பிடித்தேன், மறுபடியும் இருமல். நாலாவது தடவை எடைக்கல்லே கீழே விழுந்து மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. குண்டுமணி சிரமப்பட்டுக் குனிந்து, அதைக் கைக்குட்டையால் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அண்ணே, தராசு நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைக்குப் போனதும் உன் அம்மாவுக்குப் போன் செய்து போட்டுக்கொடுத்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியையும் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். வலது பக்கம், மேலே, பட்டாணி அளவில் ஒரு நிழல். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எப்போதோ வந்த சளிக்காய்ச்சல் விட்டுப்போன தழும்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், பார்த்துவிடுவோம் என்றார். அந்த 'வேறு' என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன மாதிரி கேட்டது.

போன திங்கட்கிழமை ஸ்கேன். அதற்கு முன்னால் நர்ஸம்மா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, இல்லை. ரத்தக் கொதிப்பு உண்டா, உன் அம்மா பக்கத்தில் இருந்தால் உண்டு. அதுவரை நன்றாகத்தான் போனது. சிகரெட் என்றார். முப்பத்தைந்து வருஷம் என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார். பக்கத்து நாற்காலியில் உன் அம்மா.

"நாலு இருக்கும்மா" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. கல்யாணமான புதிதில் உன் அம்மா கேட்டபோது சொன்ன எண் அது. அப்போது உண்மையாகவே நாலுதான். பிறகு நான் ஏறிக்கொண்டே போனேன், எண் மட்டும் ஏறவில்லை. உன் அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

ஸ்கேன் அறையில் என்னைப் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு குரல். குண்டுமணியின் தராசு ஞாபகம் வந்தது. இப்போது தட்டின் மேல் இருப்பது நான். எப்படியோ பிடித்துவிட்டேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் உன் அம்மா, "ஐயோ, குடையை மறந்துட்டேன்" என்று திரும்பிப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். நுரையீரலைப் படம் பிடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நின்று ஒன்று பற்றவைத்தேன். உன் அப்பா இப்படிப்பட்ட ஆள்தான்.

மறுநாள் முதுகுப் பக்கம் ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். அதன் ரிசல்ட்தான் நாளைக்கு. வலித்தது. இந்தக் கடிதத்தில் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஊசியைவிட அந்த நாலுதான் குத்திக்கொண்டே இருந்தது. இருபது கிராம் குறைத்து நிறுத்த கடைக்காரர்களைப் பார்த்து, "மனசாட்சியையும் இப்படித்தான் நிறுப்பீங்களா" என்று கேட்ட வாய் இது. டாக்டரம்மா, பாவம் நாலுதானே என்று நினைத்து அந்த நிழலை லேசாகப் பார்த்துவிட்டால்? தப்பான எடைக்கல்லை வைத்துவிட்டுத் தராசைக் குறை சொல்ல முடியுமா?

சரியான எண்ணைச் சொல்லலாம் என்றால் அது எனக்கே தெரியவில்லை. ஆகவே புதன்கிழமை எண்ணினேன். பட்டறையில் ஒரு காலி டப்பாவை வைத்து, பிடித்து முடித்த ஒவ்வொரு துண்டையும் அதில் போட்டேன். வீட்டு மாடியில் பிடித்ததையும் சேர்த்தேன். பதினெட்டு. இரண்டு முறை எண்ணினேன், தொழில் பழக்கம். இரண்டாவது முறையும் குறையவில்லை.

வியாழக்கிழமை காலை, மாவு மில்லில் பெரிய தராசு பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மாவிடம், ஒரு சின்னத் திருத்தம் என்று ஆரம்பித்தேன். அவர் என் படிவத்தை எடுத்தார். அதில் நாலு ஏற்கெனவே அடிக்கப்பட்டு, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. "உங்க வீட்டம்மா அன்னிக்கே வந்து மாத்திட்டாங்களே. குடையைத் தேடற மாதிரி வந்து, என் காதுல சொல்லிட்டுப் போனாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எத்தனைன்னு சொல்ல வந்தீங்க?" என்றார். பதினெட்டு என்றேன். "ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகுது, சந்தோஷம்" என்றார்.

முப்பது வருஷத்தில் உன் அம்மா எங்காவது குடையை மறந்து நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எங்கே தோன்றும், சுவர் ஓரமாக வேலையாக இருந்தேனே.

டாக்டரம்மாவையும் பார்த்தேன். எண்ணுக்கும் ஊசி ரிசல்ட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நாலு என்றால் ஒரு கவனிப்பு, பதினெட்டு என்றால் வேறு கவனிப்பு, நல்லபடியாக வந்தாலும் இனி வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். சளிப் பரிசோதனையில் தப்பாக எதுவும் இல்லையாம். நிழலின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதாம், அது நல்ல குணமாம். அதற்கு மேல் திங்கட்கிழமை வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று சிரித்தார். சிரித்தார் என்பதை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். இந்த வயதில் சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டதற்கு, விட்ட நாளிலிருந்தே ஆகும் என்றார்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். மாவு மில் தராசு எப்படி இருக்கு என்றாள். சரியாக இருக்கு என்றேன். அப்புறம் கேட்டேவிட்டேன், பதினெட்டு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அடுக்களையிலேருந்து நீங்க எடுத்துட்டுப் போன தீப்பெட்டி, போன வருஷம் வரைக்கும் ரெண்டு நாள் வந்துச்சு. பெட்டிக்கு நாப்பது குச்சி. காத்துல அணையறது நாலு. மீதி முப்பத்தாறு. ரெண்டு நாளைக்குப் பிரிச்சா எவ்வளவு?" படித்தவன் நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தெரிந்தும் இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நாலுன்னுவீங்க. தினமும் உங்களை எதுக்குப் பொய் சொல்ல வைக்கணும்?" என்றாள். எனக்கு இருமல் வந்தது. இந்த முறை நானே வரவழைத்துக்கொண்டது.

இனி உன் விஷயம். கொஞ்சம் உட்கார்ந்து படி.

போன வருஷம் நீ வந்திருந்தபோது எதையோ தொலைத்துவிட்டுத் தேடினாய். என்ன என்று கேட்டதற்கு, பெட்டிச் சாவி என்றாய். நானும் கூடத் தேடினேன். சோபாவை நகர்த்தினேன், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டேன். தலையை விடும்போது சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தேன், நீ கவனிக்கவில்லை. உன் நீல நிற லைட்டர் அதற்குள் இருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நான் தீப்பெட்டி வைக்கிற அதே மாடத்தில் கிடந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்தாறு வருஷம் ஆனது. நீ இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாய்.

அன்றே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? அதனால் கேட்காமல், உன் லைட்டரிலேயே ஒரு வருஷமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி குறையாததைப் பார்த்து உன் அம்மா முதல் வாரம் நான் விட்டுவிட்டேன் என்று சந்தோஷப்பட்டாளாம். அடுத்த வாரம் துவைக்க எடுத்த என் சட்டைப் பையில் லைட்டரைப் பார்த்ததும் புரிந்துவிட்டதாம். "நீங்க ரெண்டு பேரும் சாவி தேடுனதை நினைச்சு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல" என்றாள். அவளுக்குத் தெரியும் என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். இந்த வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தது போதும் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு ஐந்து வயது இருக்கும். பட்டறை வாசலில் என்னை மாதிரியே நின்று, சாக்பீஸ் துண்டை உதட்டில் வைத்து, மார்கழிக் குளிருக்கு வாயிலிருந்து வந்த ஆவியை ஊதினாய். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், குண்டுமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்கேன் மெஷினுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது அதுதான் கண்ணில் நின்றது. உன்னை அடித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

லைட்டரைத் திருப்பி அனுப்பலாம் என்று தபால் அலுவலகத்தில் கேட்டேன். எரிகிற சாமானை அனுப்பக் கூடாது என்று சொல்லி, கவுண்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதனால் உன் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அதில்தான் அடுப்புப் பற்றவைக்கிறாள். நன்றாக வேலை செய்கிறது, நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய்.

என் எண்ணைச் சொல்கிறேன். வியாழன் பதினொன்று. வெள்ளி ஆறு. நேற்று இரண்டு. இன்று இதுவரை இல்லை. கடிதம் முடியும்வரை தொடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தாள் தீரப்போகிறது. உன் அம்மா புதுத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

விட்டுவிடு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இன்னும் வரவில்லை. மூன்று நாளில் வந்துவிடாது. நாளைக்கு என்ன வந்தாலும் தினமும் என் எண்ணை எழுதி வைத்து, வாரம் ஒருமுறை உனக்கு அனுப்புகிறேன். நீயும் அனுப்பு. வேறு எதுவும் கேட்க மாட்டேன், புத்தி சொல்ல மாட்டேன். மருமகளிடம் நீ என்ன எண் சொல்லி வைத்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. அவளும் தீக்குச்சி எண்ணுகிறவளாக இருக்கக்கூடும், ஜாக்கிரதை.

நீயும் அவளும் நல்ல மூச்சும் நல்ல சிரிப்புமாக நெடுநாள் இருக்க வேண்டும். மேலே காலியாக விட்ட வரியைச் சீக்கிரம் நல்லபடியாக நிரப்பி அனுப்புவேன் என்றுதான் மனசு சொல்கிறது. உன் பதிலில் எத்தனை இருந்தாலும் சரி, இருக்கிறபடி எழுது. நாலு என்று மட்டும் எழுதாதே, தம்பி. அது என்னுடையது.

இப்படிக்கு,
உன் அப்பா