சூடானால் வரும் சத்தம்

மணிக்கட்டில் அப்பிய பற்பசை இன்னும் காயவில்லை, மச்சான். உன் காரின் சைலன்சர் சுட்டுவிட்டது. எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். எரிச்சல் கையில் மட்டும் இல்லை.

கும்மிடிப்பூண்டி மெக்கானிக் ஷெட்டில் நாம் சேர்ந்து வேலை பார்த்தபோது, காரோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தடித்த குழாய் வைத்த வேறு சைலன்சரை மாட்டினாய். சூட்டைத் தடுக்கும் பழைய ஹீட் ஷீல்டு அதற்குப் பொருந்தவில்லை. சூடு காருக்குள் ஏறாமல் இருக்க, ஷெட்டில் மிஞ்சிய தகட்டை வளைத்துக் குழாய்க்கு மேல் கட்டினாய். அன்றிலிருந்து கடகட. "இன்னாடா இது, தகர டப்பாவ இஸ்துக்கினு போற மாதிரி?" என்று கேட்டால், "ஊட்ல கேட்டைத் தொறக்க ஹாரன் வாணாம்ல" என்று சிரிப்பாய். பக்கத்து ஊரான நம் ஆரணியில், உன் தெருமுனையில் கார் திரும்பும்போதே, "நைனா!" என்று கத்திக்கொண்டு உன் மகள் கேட்டுக்கு ஓடி வருவாள்.

நெஞ்சு வலி என்று ஒரே நாளில் போய்ச் சேர்ந்தாய். ஓட்ட ஆளில்லை என்று, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி காரை என்னிடம் கொடுத்தாள். என் வீடு அடுத்த தெரு. வேலை முடிந்து உன் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். முதல் வாரமே தங்கச்சி என்னை நிறுத்தினாள். "அண்ணா, அந்த சத்தத்த மட்டும் நிறுத்திடுண்ணா. கொழந்த ஓடியாந்து உன்னப் பாத்துட்டு, உள்ள போய் செவுத்த பாத்துக்கினு ஒக்காந்துக்குது."

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து தகட்டைப் பிடித்திருந்த எல்லா கிளாம்பையும் முறுக்கினேன். தட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. மறுநாள் ஆரணி வருவதற்குள் பழைய கடகட, கேட்டில் உன் மகள். நீ கட்டிய தகட்டையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். காருக்குள் கால்மிதி கருகி நாறியது. திரும்ப மாட்டினேன். மறுபடி கடகட. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இன்றைக்குத்தான் நீ ஷெட்டில் சொல்வது ஞாபகம் வந்தது. "ஆறின வண்டில தேடாதடா. சூட்லதான் அது வாயத் தொறக்கும்." ஊருக்குள் நுழையும் முன் ஓரம்கட்டி, கொதிக்கக் கொதிக்கக் குனிந்து பார்த்தேன். சூட்டில் விரிந்து நீண்டிருந்த குழாய், நீ வளைத்த தகட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஆறிய குழாயோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். குறட்டால் விளிம்பை வெளியே மடக்கினேன். கை சுட்டது அப்போதுதான்.

உன் தெருவுக்குள் சத்தமே இல்லாமல் நுழைந்தேன். கேட் திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். உன் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மெதுவாக எழுந்து வந்து, உன் காரின் மேலேயே கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நைனா வண்டி எப்போ வரும்?"

சத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தாயே, இதற்கு என்னடா சொல்ல? காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கும் அந்தக் கேள்வியோடு அதே தெரு வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்.