மாடிப்படிச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

அக்கா,

போன மாதம் இவர் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கும்போது கால் மடங்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு அம்மா துணிச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து இவர் கையில் சுற்ற ஆரம்பித்தார். அந்த ஈர மாவின் வாசனை கதவு வழியாக வந்ததும் எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன். கட்டோடு வெளியே வந்த இவர், "உடைஞ்சது என் கை. உனக்கு ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்று கேட்டார். பசி என்று சொன்னேன்.

பசி இல்லை அக்கா, பயம். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று, நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அந்த வாசனையில் அப்படியே இருந்தது.

இப்படி ஒரு அறையில்தான் நீங்கள் முப்பது வருஷம் வேலை பார்த்தீர்கள். ஓய்வு பெற்று, மண்டி மொஹல்லாவில் அந்தப் பழைய வீட்டின் மாடியில் தனியாக இருந்தீர்கள். கீழே இரண்டு பாகம். முன்னால் தையல் மெஷின் வைத்திருந்த சரசுவும் அவள் பிள்ளைகளும், பின்னால் நாங்கள் மூன்று பேர். ஓனர் வேறு தெருவில். வீட்டை ஒட்டி இருந்த காலி மனையை யாரோ வாங்கி, ஜனவரியில் ஜேசிபி கொண்டுவந்து தோண்ட ஆரம்பித்தார்கள். கீழே வண்டி நிறுத்த இடம், மேலே கடைகள் என்று பேச்சு. குழி எங்கள் சுவருக்கு நாலடி தள்ளி இறங்கியது. ஒரு வாரத்தில் மாடிப்படிச் சுவரில் தலைமுடி போல ஒரு கீறல் தெரிந்தது.

பழைய வீடென்றால் கீறல் இருக்காதா என்று நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் விடவில்லை. காலி மாத்திரை டப்பாவில் மணலை ரொப்பி, அடியில் கோணி ஊசியைச் செருகி, மீன் பிடிக்கிற நரம்பில் கட்டி மாடியிலிருந்து படிக்கட்டு நடுவே தொங்கவிட்டீர்கள். ஊசி முனை நிற்கும் இடத்தில் தரையில் கட்டம் போட்ட தாளை ஒட்டிப் புள்ளி வைத்தீர்கள். சலைன் டியூபில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை வாசல் நிலையிலும் மறு முனையை எங்கள் பின்சுவரிலும் பிடித்து, தண்ணீர் நின்ற மட்டத்தைப் பென்சிலால் குறித்தீர்கள். போட்டோ பிரேம் கண்ணாடியை விரல் அகலத்துக்கு அறுத்து, கீறலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் மாவுக்கட்டு மாவைப் பூசி ஒட்டி, மேலே தேதி எழுதினீர்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டீர்கள்.

சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த நான் நின்று கேட்டேன். "என்னக்கா இது?"

"சுவர் நகருதான்னு பாக்கறேம்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாது. நகந்தா கண்ணாடி தாங்காது, பட்டுன்னு உடைஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே, "கீழ் வீடு காலியாச்சுன்னா எனக்குச் சொல்லும்மா, மாடி ஏற முடியல" என்று சொல்லியிருந்தீர்கள்.

ஹெப்பாள் பாக்டரியில் என் வேலை குவாலிட்டி செக்கிங். காலையிலிருந்து சாயங்காலம் வரை எதையும் நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சுவரை அப்படிப் பார்த்திருக்கலாம். உங்களைப் பார்த்தேன். டீக்கடை ஓரத்தில் ஓனரோடு நின்று நீங்கள் கை நீட்டி எங்கள் பின்னறையைக் காட்டியதைப் பார்த்தேன். குழிப் பக்கத்து இன்ஜினியரிடம் நோட்டைத் திறந்து எதையோ காட்டியதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நோட்டை மூடினீர்கள், அல்லது மூடியதாக எனக்குத் தோன்றியது. ஓனர் வீட்டை விற்கப் போகிறார், எங்களைப் பயமுறுத்திக் கிளப்பும் வேலையை உங்களிடம் கொடுத்திருக்கிறார், அதற்குக் கூலியாக, வீட்டை விற்கும்வரை எங்கள் பாகம் உங்களுக்கு என்று நானே ஒரு கதையைக் கட்டி முடித்தேன்.

இவரிடம் சொன்னபோது, "அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல, விடு" என்றார். சரசுவிடம் சொன்னேன். அவள் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அக்கா அப்படிப்பட்டவங்க இல்லப்பா" என்றாள். அவளுக்கும் உங்களுக்கும் ஏதோ இருக்கிறது என்று அவளையும் சந்தேகப்பட்டேன்.

மார்ச்சில் நீங்கள் உங்கள் தங்கையைப் பார்க்கக் கொள்ளேகால் போனீர்கள். மூன்று நாளில் வருவதாகச் சொன்னீர்கள். இரண்டாவது நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது படிக்கட்டில் கண்ணாடி உடைந்திருந்தது. யாரோ தட்டி உடைத்தது போல இல்லை. நட்ட நடுவில் நேர் கோடாக விரிசல் விட்டு, இரண்டு பாதிக்கும் நடுவே நூல் நுழைகிற இடம்.

அந்த இடத்தில் ஒரு மனுஷிக்குத் தோன்ற வேண்டியது என்ன என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தோன்றியது வேறு. பத்து நாளில் மகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. நீங்கள் வந்து இதைப் பார்த்தால் ஓனரைக் கூப்பிடுவீர்கள், ஓனர் இதைச் சாக்காக வைத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார், பரீட்சை நேரத்தில் பாத்திரம் பண்டத்தோடு நாங்கள் எங்கே போவது? ஊருக்குப் போகும் முன் நீங்களே உடைத்து வைத்திருப்பீர்களோ என்றுகூட நினைத்தேன்.

படிக்கு அடியில் உங்கள் தகர டப்பா இருந்தது. மிச்சக் கண்ணாடித் துண்டுகளும் மாவும் அதற்குள். சரசு கோயிலுக்குப் போயிருந்தாள். உடைந்ததைப் பேர்த்து எடுத்தேன். சோற்றுக் கரண்டியால் மாவைக் கரைத்துப் புதுத் துண்டை ஒட்டினேன். நீங்கள் எழுதியிருந்த பழைய தேதியையே உங்கள் எழுத்து மாதிரி எழுதினேன். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மறுநாள் பாக்டரிக் குப்பையில் போட்டேன். தப்பு என்றே தோன்றவில்லை அக்கா. ஏமாற்றுகிறவரை ஏமாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். பையைக் கீழே வைக்காமல் முதலில் கண்ணாடியிடம் போய் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். கட்டை விரலால் மாவைத் தடவினீர்கள். குனிந்து ஊசி முனையையும் தாளையும் பார்த்தீர்கள். கதவுத் திரைக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் மாடி ஏறிப் போனது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை கதவைத் தட்டினீர்கள். "பொண்ணு எந்தப் பக்கம் படுக்கறா?"

"ஏன்க்கா?"

"பின்சுவர் பக்கம் வேணாம்மா. கட்டிலு, மேஜ ரெண்டையும் இந்த மூலைக்குத் தள்ளிப் போடு."

"பரீட்சை நேரம்க்கா. அவளுக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேணும்."

"வெளிச்சத்துக்கு நான் லைட் போட்டுத் தரேன்."

நான் நகரவில்லை. நீங்கள் என்னைத் தாண்டி உள்ளே வந்து, முட்டி வலியோடு மேஜையை நீங்களே இழுக்க ஆரம்பித்தீர்கள். மகள் எழுந்து ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். கட்டிலையும் தள்ளினீர்கள். சாயங்காலம் எண்ணெய் டப்பா மூடியில் ஓட்டை போட்டு பல்பு மாட்டி, வளைகிற கம்பியில் வைத்து அவள் மேஜையில் நிறுத்திவிட்டுப் போனீர்கள். சரசுவிடமும் போய்த் தையல் மெஷினை வாசல் பக்கம் மாற்றச் சொன்னீர்கள். மேஜையை மறுபடி பழைய இடத்துக்கே தள்ள வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சோம்பலில் விட்டேன். அவ்வளவுதான், என் பங்கு.

அந்த நாட்களில் நீங்கள் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு மூன்று முறை மனுவோடு போய் வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். ஓனரிடம் நீங்கள் பேசியதெல்லாம் குழிக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லித்தான் என்பதும். "ஏனூ ஆகல்லம்மா, சும்னிரி" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கன்னடத்தில் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒன்றும் ஆகாதாம், சும்மா இருக்க வேண்டுமாம்.

பரீட்சை முடிந்து, ஏப்ரலில் கோடை மழை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். பின்சுவரில் பாதி குழிப்பக்கம் சரிந்தது. மிச்சம் ஜன்னலோடு அறைக்குள் விழுந்தது. மேஜை முன்பு இருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் செங்கல். மகள் இந்த மூலையில், கட்டில்மேல், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஒரு கீறல் இல்லை.

மறுநாள் கார்ப்பரேஷனிலிருந்து ஆள் வந்தார். ஓனரும் குழிப்பக்கத்து இன்ஜினியரும் வந்தார்கள். பின்பக்கம் இடிந்தாலும் படிக்கட்டுச் சுவர், அந்தக் கண்ணாடியோடு, நின்றிருந்தது. நீங்கள் நோட்டை நீட்டினீர்கள். இன்ஜினியர் தமிழ்க்காரர்தான். நோட்டை வாங்கிப் புரட்டினார். "பிப்ரவரில ஒட்டின கண்ணாடி நேத்து வரைக்கும் உடையலையே? அப்ப மழைதான் காரணம், எங்க குழி இல்ல" என்றார்.

"உடைஞ்சது," என்றீர்கள். "அடுத்த பக்கம் படிங்க."

அங்கே உங்கள் கையெழுத்தில் இருந்தது: உடைந்துள்ளது. வேறு கண்ணாடி மாற்றப்பட்டுள்ளது.

"யாரு மாத்தினது?"

நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். என்னை நீங்கள் பார்க்கக்கூட இல்லை. "நான்தான் மாத்தினேன்" என்றீர்கள்.

அவர் நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார். "மாத்திட்டு மேல பழைய தேதிய எழுதி வச்சிருக்கீங்க. இத எப்படிம்மா நம்பறது?" கார்ப்பரேஷன் ஆள் ஒன்றும் எழுதாமல் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். சரசு உங்கள் முன்னால் வந்து நின்றாள். "உடைஞ்சது தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லாம மூடி மறைச்சீங்களாக்கா? எம் புள்ளைங்க உள்ள தூங்குச்சே!" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதன் பிறகு அவள் உங்களோடு பேசவில்லை. தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள், அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், மறைத்துவிட்டார் என்று. நானும் தலையாட்டினேன்.

நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். நீங்கள் தங்கையிடம் போய்விட்டீர்கள். கொள்ளேகாலுக்கு ஒரே ஒரு முறை உங்களைப் பார்க்க வந்தேன். காபி கொடுத்தீர்கள். தங்கை உள்ளே போனதும் நான் ஆரம்பிக்கும் முன்பே, "முப்பது வருஷம் மாவு கரைச்ச கைம்மா இது. கட்டி தட்டின மாவு என்னுது இல்லேன்னு தொட்டதுமே தெரிஞ்சுது" என்றீர்கள்.

"அப்ப ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உம் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தாளே."

நன்றி சொல்லவாவது எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் என்ன நினைத்தேன் தெரியுமா? இதை வைத்து இந்த அம்மா என்னிடம் என்ன கேட்கப் போகிறாரோ என்றுதான். நீங்கள் சாகும்வரை ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் சாவுச் செய்தி வந்த அன்று, உண்மை தெரிந்த ஒரு ஆள் இனி இல்லை என்று ஒரு கணம் மூச்சு லேசானது. அதையும் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

இவருக்குக் கட்டுப் போட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை, தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடைகள் பக்கம் சரசுவைத் தேடிப் போனேன். அவள் இப்போது அங்கே ஒரு கடைக்கு மேல் தைக்கிறாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெடலிலிருந்து அவள் கால் இறங்கியது. "நாலு வருஷமா அந்தம்மாவ நான் ஏசாத நாள் இல்ல," என்றாள். "இப்ப வந்து சொல்றியே, நான் யாருகிட்ட போய் மன்னிப்பு கேக்க?" உங்கள் கல்லறை இருக்கும் இடத்தைக் கேட்டு ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள். என்னைப் போகச் சொன்னாள். மறு ஞாயிறு அவள் கொள்ளேகால் போய்வந்ததாக உங்கள் தங்கை போனில் சொன்னார். என் போனை அவள் எடுப்பதில்லை.

வீட்டில் இவருக்கும் மகளுக்கும் சொன்னேன். இவர் கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு எழுந்து வெளியே போனார். மகள் இப்போது டிகிரி இரண்டாம் வருஷம். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. "கண்ணாடி உடைஞ்சது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தச் சுவர்கிட்ட என்னப் படுக்க விட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மேஜையை இழுத்தது நீங்கள்தான் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. நான் நகராமல் நின்றதும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள், என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறாள். ஆனால் கேஸை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், சரிம்மா என்று சொல்லிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் போய் அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறாள். கதவு பூட்டியாச்சு என்றால், போய் ஒரு முறை இழுத்துப் பார்க்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.