எலுமிச்சைக்கு ஜாமீன்

12.2.1978, ஞாயிறு

காலையிலிருந்து பாண்டியம்மாள் எலுமிச்சை மரத்தடியில்தான் நிற்கிறாள். இலை மேல் காக்கா எச்சம் மாதிரி ஒட்டிக்கிடக்கும் புழுக்களைக் குச்சியால் எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுகிறாள். கட்டின புருஷனுக்குச் சோறு வைக்க ஆள் இல்லை. ஏழு வருடமாக ஒரு பூக்கூடக் காட்டாத மரத்துக்கு இவ்வளவு ராஜ உபசாரம்!

"எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கியா?" என்றேன்.

"ஒங்களுக்கும் புழுப் புடிக்கட்டும், பாக்குறேன்."

வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

3.3.1978, வெள்ளி

அண்ணன் காசிராஜனும் மதினி ஒச்சம்மாளும் வந்தார்கள். பக்கத்து வீடுதான், கொல்லை இரண்டு வீட்டுக்கும் பொது. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கு அங்கே கொட்டகை போட வேண்டுமாம். மதினிக்கும் அதில் ஆசைதான். மூட்டைகள் அடைத்து அவர்கள் வீட்டுக்குள் நடக்க இடமில்லை.

"மலட்டு மரம்டா இது. சித்திரை பொறந்ததும் வெட்டிப்புடுவோம்" என்றார் அண்ணன்.

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளை இல்லை. அந்த வார்த்தையை வேறு யாராவது அவள் முன்னால் சொல்லியிருந்தால் அண்ணனே பல்லை உடைத்திருப்பார். மரத்தைத்தானே சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல.

21.3.1978

மரத்துக்குத் தண்ணீரையே நிறுத்திவிட்டாள்! வேர் தெரிய மண்ணைப் பறித்துப் போட்டிருக்கிறாள். இந்த வெயிலில் இலையெல்லாம் துவண்டு கிடக்கிறது. மனசு கேட்காமல் குடத்தைத் தூக்கினேன். பிடுங்கிவிட்டாள்.

"வாடுனாத்தான் பூக்கும். ராசிங்காபுரத்துல எங்கப்பு இப்படித்தான் வாட்டுவாரு."

"செத்துப்போச்சுன்னா?"

"செத்தா நான் அழுதுக்கிறேன்."

என்ன நெஞ்சழுத்தம்! ஆனால் அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

8.4.1978

ஆட்டுப் புழுக்கை போட்டு மண்ணை மூடித் தண்ணீர் விட்டாள். குடம் குடமாக.

16.4.1978, ஞாயிறு

அண்ணன் கோடாலியோடு வந்துவிட்டார். மரத்தில் துளிர்தான் இருந்தது, மொட்டு இல்லை. பாண்டியம்மாள் அழவில்லை, மல்லுக்கும் நிற்கவில்லை.

"வெட்டுங்க மச்சான். மொறைப்படி மெரட்டிட்டு வெட்டுங்க."

காய்க்காத மரத்தை ஒருவர் கோடாலி ஓங்கி மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து காய்க்கும் என்று ஜாமீன் சொன்னால், ஒரு வருடம் அதைத் தொடக் கூடாது. மரத்தை வளர்த்த வீட்டார் ஜாமீன் சொன்னால் செல்லாது. வேறு யார் வரப்போகிறார்கள் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

"காய்ப்பியா, மாட்டியா? மலட்டுச் சனியனே!"

மதினி ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். முள் கிழித்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"காய்க்கும். நான் சொல்றேன், காய்க்கும். கோடாலியக் கீழ போடுங்க."

அண்ணனுக்கு அப்போதுதான் தன் வார்த்தை உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. கோடாலியை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். பாண்டியம்மாள் மதினியின் கையில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். மதினி வருவாள் என்று இவளுக்கு முன்பே தெரியுமோ? கேட்கத் துணிச்சல் இல்லை. இவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

14.5.1978

பூ! கொல்லை முழுக்க வாசம்.

19.11.1978, ஞாயிறு

மரத்தில் எலுமிச்சம்பழம் மஞ்சளாகத் தொங்குகிறது. ஏலக்காய் மூட்டைகள் இன்னும் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கின்றன. மத்தியானம் அவர் கொல்லைக்கு வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஒரு பழம் பறிச்சுக் குடும்மா. வறுத்த மீனுக்குப் புழிஞ்சுக்கிறேன்."

"குடுக்க நான் யாரு மச்சான்? ஜாமீன் நின்னது அக்கா. அவுககிட்டயே கேளுங்க" என்றாள் பாண்டியம்மாள்.

அண்ணன் தன் வீட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் மதினியிடம் எதையும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. கொண்டா என்பார், வந்துவிடும்.

"ஒச்சம்மா... ஒரு பழம் பறிச்சுக்கிறட்டா?"

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அண்ணன் காத்துக்கொண்டு நின்றார்.